பள்ளி நாளில் மட்டும் வரும் வயிற்றுவலி

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கடந்த டிசம்பர் விடுமுறையில் என் மாமனார் வீட்டிலேயே மயங்கி விழுந்தார். மகள் பக்கத்தில்தான் இருந்தாள். ஆம்புலன்சில் கொண்டுபோனோம், பிழைக்கவில்லை. சின்னப் பிள்ளை தாங்கமாட்டாள் என்று அவளை என் தங்கை வீட்டில் விட்டுவிட்டுக் காரியங்களை முடித்தோம். தாத்தா மருத்துவமனையில் தூங்குகிறார் என்று சொல்லி வைத்தோம். ஜனவரியில் பள்ளி திறந்ததிலிருந்து ஞாயிறு மாலையே வயிறு வலிக்கிறது என்கிறாள். காலையில் வாந்தி. பள்ளிக்குப் போனாலும் ஓய்வு நேரம் முடிவதற்குள் வந்து அழைத்துப் போகச் சொல்லி போன் வந்துவிடுகிறது. வாரத்தில் இரண்டு நாள் போவதே இல்லை. நான் பாயான் லெப்பாசில் தொழிற்சாலை வேலை செய்கிறேன். இவளுக்காகவே இரவு ஷிப்டுக்கு மாறிக்கொண்டேன். டாக்டர் ஸ்கேன் வரை எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்கிறார். "வந்துவிடுவீர்கள்தானே அம்மா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பிள்ளை பயந்திருக்கிறாள் என்று மாமியார் கோயிலுக்கு அழைத்துப் போய் விபூதி போட்டுவருகிறார். லாரி ஓட்டும் என் கணவர், நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன், நாலு அடி போட்டால் சரியாகிவிடும் என்கிறார். எனக்கும் சிறு வயதிலிருந்தே படபடப்பு உண்டு. என்னிடமிருந்துதான் வந்ததா? பள்ளியை மாற்றிவிடலாமா?
— வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

அன்புச் சகோதரி,

உங்கள் கணவரும் உடன் அமர்ந்து படிக்கட்டும் என்று நினைத்தே இதை எழுதுகிறேன். உங்கள் மகள் நடிக்கவில்லை. அவளுக்கு வயிறு உண்மையாகவே வலிக்கிறது. ஆபத்து என்று மூளை முடிவு செய்த மறுகணம் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, செரிமானத்துக்குப் போகவேண்டிய இரத்தம் கை கால் தசைகளுக்குத் திரும்புகிறது. குடல் சுவரில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் பின்னிக்கிடக்கின்றன; மூளையில் எழும் கலவரம் அங்கே உடனே தெரிந்துவிடும். குமட்டல், பிசைவது போன்ற வலி, அடிக்கடி கழிப்பறைக்கு ஓடுவது எல்லாம் இப்படித்தான் வருகின்றன. "எனக்குப் பதற்றமாக இருக்கிறது" என்று சொல்ல எட்டு வயதில் தெரியாது. வயிற்றைத் தொட்டுக்காட்டத்தான் தெரியும்.

டாக்டரிடம் காட்டியது சரி. இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைவது, காய்ச்சல், மலத்தில் இரத்தம், சனி ஞாயிறு என்று பார்க்காமல் எல்லா நாளும் வரும் வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் மறுபடியும் காட்டவேண்டும். நீங்கள் எழுதியதில் அவை எதுவும் இல்லை. சனிக்கிழமை நன்றாக ஓடியாடும் பிள்ளைக்கு ஞாயிறு மாலை வலி தொடங்குகிறது என்பதே நமக்குப் போதுமான தடயம்.

அடுத்து உங்களை அரித்துக்கொண்டிருக்கும் கேள்வி: என்னிடமிருந்து வந்ததா? ஓரளவுக்கு இருக்கலாம். இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகளைப் பார்த்தால், பதற்றத்தில் பரம்பரையின் பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்று தெரிகிறது. பிறவிக் குணமும் உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரோம் கேகன், நான்கு மாதக் குழந்தைகளின் முன்னால் புதிய பொம்மைகளை ஆட்டினார். புதிய குரல்களைக் கேட்க வைத்தார். ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தை கை கால் உதறி அழுதது. வளர்ந்தபோது அவர்களில் பலர் புது இடத்தில் அம்மாவின் உடையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளாக இருந்தார்கள். ஆனால் அப்படிப் பிறந்த எல்லாருக்கும் நோய் வந்துவிடவில்லை. எளிதில் மிரளும் குணத்தோடு பிறந்த எத்தனையோ பேர் நல்ல ஆசிரியர்களாகவும் தாதியர்களாகவும் இருக்கிறார்கள். ஆகவே உங்கள் படபடப்பு ஒரு விதையைக் கொடுத்திருக்கலாம் என்று மட்டும் சொல்வேன். அதற்குமேல் உங்களை நீங்களே தண்டித்துக்கொள்வதில் பிள்ளைக்கு எந்தப் பயனும் இல்லை.

பயம் பிள்ளைகளுக்கு வருவதுதான். கைக்குழந்தைக்குப் புது முகம், நான்கு வயதில் இருட்டும் பேயும், ஏழெட்டு வயதில் நோயும் விபத்தும் சாவும், பதின்ம வயதில் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பது. இவை வந்துபோகும். சாப்பாடு, தூக்கம், பள்ளி, விளையாட்டு ஆகியவற்றைப் பறித்துக்கொண்டு வாரக்கணக்கில் நிற்கும்போதுதான் அது கோளாறு ஆகிறது. நெருங்கியவரைப் பிரிய அஞ்சும் இந்த நிலையைப் பிரிவுப் பதற்றம் என்று மருத்துவர்கள் முடிவு செய்ய நான்கு வாரமாவது நீடித்திருக்கவேண்டும். உங்கள் மகள் அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டாள்.

எதனால் வந்தது என்று தேடும் எல்லாப் பெற்றோரிடமும் நான் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. பதற்றத்தைத் தொடங்கி வைத்த காரணம் வேறு, அதைத் தொடர வைக்கும் காரணம் வேறு. முதலாவது நடந்து முடிந்துவிட்டது. பலநேரம் அதை நம்மால் மாற்றமுடியாது. இரண்டாவது தினமும் காலையில் நம் வீட்டிலேயே நடக்கிறது. அதில் கை வைக்கலாம். உங்கள் விஷயத்தில் முதலாவதிலும் பாதியைச் சரிசெய்ய இன்னும் நேரம் இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தாத்தா விழுந்த அந்த நாளை அவள் கண்ணால் பாருங்கள். கூடத்தில் தாத்தா விழுகிறார். பெரியவர்கள் அலறுகிறார்கள். யாரோ தூக்கிப்போகிறார்கள். அவளை வேறு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். திரும்பி வந்தால் தாத்தாவின் நாற்காலி காலி. எல்லார் கண்ணும் சிவந்திருக்கிறது. ஆனால் அவர் தூங்குகிறாராம். மரணம் என்றால் திரும்பி வராமை என்பது ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்குப் புரிந்துவிடுகிறது. எட்டு வயதுப் பெண்ணுக்குத் தாத்தா இறந்தது நிச்சயமாகத் தெரியும். அதோடு இன்னொன்றும் தெரிந்துவிட்டது: பெரிய விஷயம் நடந்தால் இந்த வீட்டில் எனக்கு உண்மையைச் சொல்லமாட்டார்கள். இந்த நிலையில் "அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது" என்று நீங்கள் ஆயிரம் முறை சொன்னாலும் அவள் எப்படி நம்புவாள்? வீட்டைவிட்டுப் போனவர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் சொல்லவும் இல்லை. அதனால்தான் "வந்துவிடுவீர்கள்தானே அம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

நீங்கள் அன்பினால்தான் மறைத்தீர்கள். நம் குடும்பங்களில் காலங்காலமாக அப்படித்தான் செய்கிறோம். ஆனால் இப்போது சொல்லிவிடுங்கள். பள்ளி இல்லாத ஒரு பகலில், அப்பாவும் வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்து, அவள் அருகில் உட்கார்ந்து சொல்லுங்கள். "தாத்தா இறந்துவிட்டார். அவருடைய உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது. டாக்டர்கள் முயற்சி செய்தார்கள், முடியவில்லை. தூங்குகிறார் என்று சொன்னது உண்மை இல்லை. நீ அழுவாய் என்று பயந்து அப்படிச் சொன்னோம். இனிமேல் உண்மையைச் சொல்வோம்." இவ்வளவு போதும். தூக்கம், தூரப் பயணம், சாமி கூப்பிட்டுக்கொண்டார் என்பதையெல்லாம் தவிர்த்துவிடுங்கள். தூங்குவதற்கும் சாமி கும்பிடுவதற்கும் அவள் அஞ்சத் தொடங்கினால் அது புதுச் சிக்கல்.

அவள் கேட்கும் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். பத்து நிமிடம் அழுதுவிட்டு விளையாடப் போனால் புரியவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். குழந்தைகள் துக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்று கட்டாயம் கேட்பாள், வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் மனத்துக்குள் கேட்பாள்: "நான் ஏதாவது செய்ததால் தாத்தா விழுந்தாரா?" அவள் கேட்கும் வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள், அவளால் நடக்கவில்லை என்று. அடுத்து தாத்தாவுக்குப் படையல் போடும்போது பூ வைப்பதை அவளிடம் கொடுங்கள். அவருக்குப் பிடித்த பலகாரம் எது என்று அவளையே கேளுங்கள். சடங்கிலிருந்து ஒதுக்கிவைத்த பிள்ளைக்கு அதில் ஓர் இடம் கிடைக்கட்டும்.

பள்ளியிலும் ஒரு தேடல் வேண்டும். தாத்தாவின் மறைவு என்ற பெரிய காரணம் கண்முன் இருப்பதால் சின்னக் காரணங்களை நாம் பார்க்காமல் விட்டுவிடுவோம். பிறை நகரிலிருந்து என்னிடம் வந்த ஒரு பையன் காலையில் தண்ணீர் குடிக்கவே மறுத்தான். பெற்றோர் எதையெதையோ நினைத்துக் கலங்கினார்கள். மெல்லப் பேசிப் பார்த்ததில், பள்ளிக் கழிப்பறையில் ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, பெரிய பையன்கள் தள்ளித் திறந்து சிரிக்கிறார்கள் என்று தெரிந்தது. தாழ்ப்பாள் போட்ட பிறகு பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஆகவே உங்கள் மகளிடம் "ஏன் பயம்?" என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்குப் பெரியவர்களாலேயே பதில் சொல்லமுடியாது. ஓய்வு நேரத்தில் யாரோடு உட்காருகிறாய், சிற்றுண்டிச்சாலையில் வரிசையில் நிற்கும்போது என்ன நடக்கும், வேனில் எந்த இடம், யார் கத்துவார், வாசிக்கச் சொன்னால் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். படம் வரைந்தபடியே பேசவிடுங்கள். எழுத்துக்கூட்டுவதில் சிரமப்படும் பிள்ளைகள் வகுப்பில் மாட்டிக்கொள்வோமோ என்று அஞ்சி வயிற்றுவலியில் போய் ஒதுங்குவது உண்டு. அப்படி ஏதாவது தென்பட்டால் அதற்கு வேறு உதவி வேண்டும்.

இப்போது தொடர வைக்கும் காரணத்துக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியம்.

காலை ஒன்பதரை. மகள் வகுப்பில் அழுகிறாள். பள்ளியிலிருந்து போன். இரவு வேலை முடிந்து கண்ணயரப்போன நீங்கள் ஓடிப்போய் அழைத்து வருகிறீர்கள். வண்டியில் ஏறியதுமே வலி குறைகிறது. அவள் மனம் அந்த நொடியில் இரண்டு பாடங்களைக் கற்கிறது: பள்ளி ஆபத்தான இடம்தான், அம்மா வந்ததால் தப்பித்தேன். மறுநாள் பயம் முன்னதாகவே வருகிறது, சற்றுக் கூடுதலாகவும் வருகிறது. பயந்ததைத் தவிர்ப்பது வட்டி முதலையிடம் கடன் வாங்குவது போன்றது. அன்றைக்குக் கை நிறையக் கிடைக்கும். கட்டவேண்டியது மாதாமாதம் ஏறும். நீங்கள் ஷிப்ட் மாற்றியது, ஒரே கேள்விக்கு நாற்பது முறை பதில் சொல்வது எல்லாமே தாய்ப்பாசம்தான். ஆனால் அவை ஒவ்வொன்றும் அந்தப் பயத்துக்கும் சோறு போடுகின்றன.

இதற்கு மாற்றுவழி நூறாண்டுக்கு முன்பே தெரிந்ததுதான். 1924-இல் அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், மூன்று வயதுகூட நிரம்பாத ஒரு குழந்தையைப் பற்றி எழுதினார். ஆய்வில் அவன் பெயர் பீட்டர். முயலைக் கண்டால் அலறுவான். பிடித்த தின்பண்டத்தைச் சாப்பிட உட்கார வைத்து, கூண்டில் முயலைத் தொலைவில் வைத்தார்கள். அவன் பொறுக்கும் அளவுக்கு மட்டும், நாளுக்கு நாள் அருகில் நகர்த்தினார்கள். கடைசியில் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் முயலைத் தடவினான். அவனை யாரும் அடிக்கவும் இல்லை, முயலை அவன் கண்ணில் காட்டாமல் ஒளிக்கவும் இல்லை. இன்றைய சிகிச்சைகள் நிற்பது இந்த அடித்தளத்தின் மேல்தான்.

உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி இப்படிச் செய்யலாம். அவளோடு உட்கார்ந்து ஒரு தாளில் படிக்கட்டு வரையுங்கள். அடிப்படி எளிதானது: பாட்டியோடு அவள் வீட்டில் இருக்கும்போது, நீங்கள் கீழ்மாடிக் கடைக்குப் போய் ரொட்டி வாங்கிவருவது, கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு. அடுத்தது கால் மணி நேரம். அடுத்தது நீங்கள் எந்தக் கடைக்குப் போகிறீர்கள் என்று சொல்லாமல் போவது. பிறகு, உங்களுக்கு வேலையில்லாத இரவில் அவள் தன் படுக்கையில் படுப்பது, நீங்கள் அறை வாசலில் உட்காருவது. கிளம்புமுன் "என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்? பத்துக்கு எத்தனை பயம்?" என்று கேட்டு எழுதுங்கள். திரும்பி வந்ததும் "என்ன நடந்தது?" என்று அதன் பக்கத்தில் எழுதுங்கள். "அம்மா வரமாட்டார்கள், 9" என்ற வரிக்கு எதிரே "வந்துவிட்டார்கள், ரொட்டியும் வாங்கினார்கள்" என்று அவள் கையெழுத்திலேயே இருக்கட்டும். நீங்கள் கொடுக்கும் நூறு ஆறுதலைவிட அந்தத் தாள் அவளுக்கு அதிகம் சொல்லும். ஒரு படியில் பயம் நாலுக்கோ மூன்றுக்கோ இறங்கிய பிறகு அடுத்ததற்குப் போங்கள். பூஜ்யம் ஆகும் வரை காத்திருக்க வேண்டாம்.

பள்ளிக்கு வேறு படிக்கட்டு. வகுப்பாசிரியரையும் தலைமையாசிரியரையும் நேரில் பார்த்துப் பேசுங்கள். தாத்தா இறந்ததைச் சொல்லுங்கள்; பெரும்பாலும் பள்ளிக்கே தெரிந்திருக்காது. நீங்கள் கேட்கவேண்டியது ஒன்றுதான்: காய்ச்சலோ காயமோ இருந்தாலொழிய வீட்டுக்கு அனுப்பவேண்டாம். வலி வந்தால் நூல்நிலையத்திலோ ஆலோசக ஆசிரியரின் அறையிலோ பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வகுப்புக்குத் திரும்பட்டும். காலையில் மணி அடிப்பதற்குச் சற்று முன்பே போய்விட்டால் கூட்டமும் இரைச்சலும் இல்லாமல் உள்ளே நுழையலாம். வாசலில் ஒரு முத்தம், ஒரு வாக்கியம், பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுங்கள். நீங்கள் மறைந்து நின்று எட்டிப்பார்ப்பதை அவள் கண்டுபிடித்துவிடுவாள். முதல் இரண்டு வாரம் அழுகை கூடலாம். அதைக் கண்டு பின்வாங்கினால், பலமாக அழுதால் போதும் என்று அவள் புரிந்துகொள்வாள். அதன்பிறகு எல்லாமே இன்னும் கடினமாகிவிடும்.

"வந்துவிடுவீர்கள்தானே?" என்ற கேள்விக்கு ஒருமுறை தெளிவாகப் பதில் சொல்லுங்கள்: "மதியம் வேன் வந்து இறங்கும்போது நான் கீழே நிற்பேன்." மறுபடி கேட்டால், "இது உன் பயம் கேட்கிற கேள்வி. பதில் உனக்கே தெரியும். பயமாக இருந்தாலும் உன்னால் முடியும் என்று எனக்குத் தெரியும்" என்று சொல்லி நிறுத்துங்கள். கல்நெஞ்சம் போலத் தோன்றும். யேல் பல்கலைக்கழகத்தில் லெபோவிட்ஸ் தலைமையிலான குழு, பதற்றமுள்ள 124 பிள்ளைகளை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவில் பிள்ளைகளுக்குச் சிகிச்சை. மறு பிரிவில் பிள்ளைகளைச் சந்திக்காமல் பெற்றோருக்கு மட்டும் இதுபோன்ற பயிற்சி. இரண்டிலும் ஒரே அளவுக்குப் பலன் கிடைத்தது. அம்மாவும் அப்பாவும் மாறினாலே பிள்ளையின் பயம் குறைகிறது என்பதற்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா?

இனி உங்கள் கணவருக்கு. ஐயா, பிள்ளை பள்ளிக்குப் போயே ஆகவேண்டும் என்று நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. ஆனால் அடித்தால் பள்ளி, அம்மாவின் பிரிவு என்ற இரண்டு பயத்தோடு அப்பா என்ற மூன்றாவது பயமும் சேரும். வயிற்றுவலி கூடும், அல்லது அவள் சொல்வதை நிறுத்திவிடுவாள். பிந்தியது இன்னும் ஆபத்து. நீங்கள் வீட்டில் இருக்கும் காலைகளில் அவளைப் பள்ளியில் விடும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பிரிவுப் பதற்றம் உள்ள பிள்ளைகள் பலர் அம்மாவைவிட அப்பாவிடமிருந்து எளிதாகப் பிரிந்துவிடுவார்கள். வெளியூரில் இருக்கும் இரவுகளில் ஒரே நேரத்தில் ஒரே ஒரு அழைப்பு போதும்.

பாட்டி விபூதி போடட்டும். அந்தக் கையின் தொடுகை அவளுக்கு ஆறுதல். கணவரை இழந்த பாட்டிக்கும் அது ஆறுதல். ஆனால் வருகிறவர்களிடமெல்லாம் "இது பயந்த பிள்ளை" என்று அவள் காதுபடச் சொல்லவேண்டாம் என்று மட்டும் அன்பாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் நாம் சூட்டும் பெயருக்கு ஏற்றபடி வளர்ந்துவிடுவார்கள்.

தூக்கத்தையும் கவனியுங்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். விடியற்காலை ஐந்தரைக்கு எழும் பிள்ளை இரவு எட்டரைக்குப் படுக்கவேண்டும். மாலையில் தேநீர் கொடுப்பதுண்டு என்றால் நிறுத்துங்கள்.

பள்ளியை மாற்றவேண்டாம். யாராவது அவளைத் துன்புறுத்துவது உறுதியானால் அது வேறு விஷயம். இல்லையென்றால் பயமும் அவளோடு புதுப் பள்ளிக்கு வரும், தோழிகள்தான் வரமாட்டார்கள்.

இவை அனைத்தையும் செய்துகொண்டே மருத்துவ உதவியையும் நாடுங்கள். ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்று என்று தள்ளவேண்டாம். பள்ளி நாட்கள் கைநழுவிக்கொண்டிருக்கின்றன. உங்கள் வட்டாரத்து அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான் கட்டணம். அங்கே மருத்துவரிடம் விவரம் சொன்னால் பினாங்கு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார். தமிழ் பேசும் மருத்துவரோ ஆலோசகரோ இருக்கிறாரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். துக்கத்தை வீட்டு மொழியில்தான் பிள்ளையால் சொல்லமுடியும். முதல் சிகிச்சை பேச்சும் பயிற்சியுமாகத்தான் இருக்கும். அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரையிலான 488 பேரிடம் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், சிந்தனையையும் நடத்தையையும் மாற்றும் பயிற்சி பெற்றவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் பன்னிரண்டு வாரத்தில் நன்கு தேறினார்கள். மருந்தும் சேர்ந்தபோது 80 விழுக்காட்டுக்குமேல். ஆகவே மருத்துவர் பின்னொரு கட்டத்தில் மருந்து பற்றிப் பேசினால் அதிர்ச்சி அடையாதீர்கள். இது மருந்தில்லாமல் தேறவும் நல்ல வாய்ப்புள்ள வயது என்பதையும் மறக்காதீர்கள். "நான் இல்லாமல் போனால் நல்லது" என்பது போல அவள் எப்போதாவது பேசினால் நியமன நாளுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். யாரிடமாவது உடனே பேசவேண்டும் என்றால் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555 இருக்கிறது. காலை எட்டு மணி முதல் நள்ளிரவு வரை பேசலாம்.

கிளினிக்குக்குப் போகும்போது உங்கள் படபடப்பையும் சொல்லுங்கள். பெரியவர்களுக்கும் அங்கே மனநலப் பரிசோதனை உண்டு. இரவெல்லாம் வேலை, பகலெல்லாம் கவலை என்று எத்தனை மாதம் தாங்குவீர்கள்? மகள் ஒரு வாரம் முழுக்க, இடையில் வீட்டுக்கு வராமல் பள்ளியில் இருந்துவிட்டால், பகல் ஷிப்டுக்குத் திரும்ப மேலாளரிடம் கேளுங்கள். அதையும் அவள் படிக்கட்டில் ஒரு படியாக எழுதிவையுங்கள். எந்தத் தேதியிலிருந்து என்று அவளுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். மதியம் வேனிலிருந்து இறங்கும்போது கீழே நிற்கப்போவது பாட்டி என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.